உங்களுக்குத் தெரியுமா? முழங்காலும் ஃபெடரரும்

● 2016இல் டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரருக்கு இடது முழங்காலில் அடிபட்டது ஆடும்போது அல்ல. ஆஸ்திரேலிய ஓப்பன் அரையிறுதியில் தோற்ற மறுநாள், மகள்களைக் குளிக்க வைக்கத் தொட்டியில் தண்ணீர் நிரப்பப் போனபோதுதான்!

● கிழிந்தது மெனிஸ்கஸ். தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்கும் பிறை வடிவக் குருத்தெலும்பு அது. வெளி ஓரத்தில் மட்டுமே நல்ல ரத்த ஓட்டம் உண்டு. உட்பகுதியில் கிழிந்தால் தானாக ஆறுவது அரிது.

● அறுவை சிகிச்சைக்குப் பின் சில போட்டிகளில் ஆடினார். ஆனால் ஜூலையில் விம்பிள்டனில் ஆடிய பிறகு, அந்த ஆண்டின் மீதிக் காலம் முழுவதும் ஓய்வும் பயிற்சியுமாக இருந்தார். 2017 ஜனவரியில், 35 வயதில், ஆஸ்திரேலிய ஓப்பனை வென்றார். 36 வயதில் மீண்டும் உலகின் முதல் நிலை!

● பிறகு வலது முழங்காலில் மூன்று அறுவை சிகிச்சைகள். 2022 செப்டம்பரில், 41 வயதில், போட்டி டென்னிஸிலிருந்து விடைபெற்றார்.

● நம் எல்லோருக்கும் வயது ஏற ஏறத் தசை குறையும். தொடைத் தசை தளர்ந்தால் முழங்காலுக்குச் சுமை கூடும். வாரத்தில் இரண்டு நாளாவது தசை வலுப்பயிற்சி தேவை என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். மூட்டு வீங்கினாலோ, மடக்க நீட்ட முடியாமல் சிக்கிக்கொண்டாலோ விளையாட்டை நிறுத்தி, மருத்துவரைப் பாருங்கள்.