முட்டை விலை ஏன் ஏறுது? பதில் மக்காச்சோளக் காட்டில் இருக்கு!

போன வாரம் வாங்கிய விலைக்கு இந்த வாரம் முட்டை கிடைக்கலையா? கடைக்காரரைக் கோபிச்சுப் பயனில்லை. விலையை முடிவு செய்யும் விஷயங்களில் பெரும்பாலானவை அவர் கையில் இல்லை. கோழி என்ன சாப்பிடுது, அந்தத் தீவனம் எங்கிருந்து வருது, அதுக்கு வேறு யார் போட்டி போடுறாங்க? இதைத் தெரிஞ்சுக்கிட்டா முட்டைக் கணக்கு புரிஞ்சிடும். வாங்க, பார்க்கலாம்.

ஒரு முட்டைக்குப் பின்னால் எவ்வளவு தீவனம்?

பண்ணையில் வளரும் ஒரு முட்டைக்கோழி தினமும் சுமார் 110 கிராம் தீவனம் சாப்பிடும். ஆனால் தினமும் முட்டையிடாது. வருஷத்துக்கு 300-க்குச் சற்று மேல் இடும். அப்படிப் பார்த்தால் ஒரு முட்டைக்குச் சுமார் 125 கிராம் தீவனம் செலவாகிறது.

இந்தத் தீவனத்தில் ஏறக்குறைய பாதி மக்காச்சோளம். புரதத்துக்குச் சோயாப் புண்ணாக்கு, ஓடு உறுதியாக இருக்கச் சுண்ணாம்புக்கல் அல்லது கிளிஞ்சல், அதோடு தவிடு, தாது உப்புகள் சேர்ப்பாங்க. பண்ணையின் மொத்தச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தீவனத்துக்கே போய்விடும்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. மக்காச்சோளம் கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால், ஒரு முட்டையின் அடக்கவிலை சுமார் 30 பைசா கூடும். 30 பைசாதானேன்னு தோணும். ஆனால் 50,000 கோழி வைத்திருக்கும் பண்ணைக்கு அது தினமும் 13,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் செலவு. கோழியிடம் “நாளைக்குச் சாப்பிடு”ன்னு சொல்ல முடியாதே!

செலவு தாங்காத பண்ணையாளர் வயதான கோழிகளைச் சீக்கிரமே விற்றுவிடுவார். புதுக் குஞ்சும் இறக்கமாட்டார். ஒரு குஞ்சு வளர்ந்து முட்டையிட ஏறக்குறைய ஐந்து மாதம் ஆகும். அதனால் இன்றைய தீவன விலையேற்றம் சில மாதம் கழித்து முட்டைத் தட்டுப்பாடாக நம் வீட்டுக்கு வந்து சேரும்.

2018 முதல் நடந்தது என்ன?

அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த படைப்புழு, 2016-ல் ஆப்பிரிக்காவுக்கும் 2018-ல் கர்நாடகத்துக்கும் வந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டு மக்காச்சோள வயல்களையும் தாக்கியது. பெரம்பலூர், அரியலூர் பக்கம் குருத்துக்குள் புகுந்து தின்ற புழுவை விவசாயிகள் இன்னும் மறக்கவில்லை. விளைச்சல் குறைய, விலை ஏறியது. 2019-ல் குறைந்த வரியில் மக்காச்சோளம் இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதி தந்தது.

2021-ல் சோயாப் புண்ணாக்கு விலை எகிறியது. அந்த ஆகஸ்டில் 12 லட்சம் டன் இறக்குமதிக்கு அனுமதி கிடைத்தது. 2022-ல் உக்ரைன் போர். உலகுக்கு மக்காச்சோளம் அனுப்பும் பெரிய நாடுகளில் உக்ரைனும் ஒன்று என்பதால் உலகச் சந்தையே ஆடியது.

அடுத்து வந்தது எரிபொருள் போட்டி. பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலப்பது நாட்டின் இலக்காக இருந்தது. 2023-ல் மழை குறைந்ததால் எத்தனாலுக்குக் கரும்புச்சாறு பயன்படுத்தக் கட்டுப்பாடு வந்தது. இந்திய உணவுக் கழகத்தின் அரிசியும் நிறுத்தப்பட்டது. ஆலைகள் மக்காச்சோளத்துக்குத் திரும்பின. அதுவரை மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த நாம், 2024-ல் மியான்மர், உக்ரைன் நாடுகளிலிருந்து வாங்கினோம்.

யாருக்கு லாபம், யாருக்குப் பாரம்?

விலை ஏறினால் மக்காச்சோள விவசாயிக்கு நல்லதுதான். 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். மானாவாரி நிலத்தில் பாடுபடுபவருக்கு நியாயமான விலை கிடைத்தே ஆகணும்.

பாரம் விழுவது வருமானம் குறைந்த குடும்பத்தின் மீது. ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கும், முட்டை அப்படி இல்லை. செலவைக் குறைக்கணும்னா தட்டிலிருந்து முதலில் போவது முட்டையும் பாலும்தான். வயிறு நிறையும், சத்து குறையும். சுமார் 6 கிராம் புரதம் தரும் முட்டை, வளரும் பிள்ளைக்கும் கர்ப்பிணிக்கும் எளிதில் கிடைக்கும் சத்து. பள்ளிச் சத்துணவிலும் அங்கன்வாடியிலும் முட்டை கொடுப்பது இதனால்தான்.

ஆக, விவசாயியின் விலையைக் குறைப்பது இதற்கு வழியல்ல. விளைச்சலைக் கூட்டுவது, இழப்பைக் குறைப்பது, தகவல் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் கிடைப்பது: இவைதான் வழி. இதில் உங்கள் கைப்பேசியும் உதவும்.

மக்காச்சோளம் பயிரிடுபவரா நீங்கள்?

• உழவன் செயலியில் சந்தை விலை, வானிலை, மானியத் திட்டங்கள், வாடகை இயந்திரங்கள் பற்றிய விவரம் இருக்கு. வியாபாரி விலை சொல்வதற்கு முன்னாடியே பார்த்துக்கோங்க.
• படைப்புழுவைத் தடுக்க, கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் புண்ணாக்கு போடுங்க. வரப்போரம் தட்டைப்பயறு, எள் போன்றவற்றை விதைத்து, இனக்கவர்ச்சிப் பொறியும் வையுங்க.
• ஈரப்பதம் 14 சதவீதத்துக்குள் வரும்வரை காயவையுங்க. ஈரச்சோளத்தில் பூஞ்சாணம் பிடித்தால் விலையும் போகும், கோழிக்கும் நஞ்சாகும்.
• அறுவடை நேரத்தில் விலை சரிந்தால் அவசரப்பட வேண்டாம். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் இருப்பு வைத்து பொருளீட்டுக் கடன் பெறுவது பற்றிக் கேளுங்க.
• பயிர்க் காப்பீட்டை இ-சேவை மையத்திலோ வங்கியிலோ, கடைசித் தேதிக்கு முன்பே பதிவு செய்யுங்க. ஆலங்கட்டி மழை போன்ற பாதிப்பு வந்தால் 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கணும்.
• சந்தேகம் இருந்தால் கிசான் கால் சென்டர் 1800-180-1551. கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

வீட்டில் கோழி வளர்க்கிறீங்களா?

புறக்கடைக் கோழிக்கு முழுக்கக் கடைத்தீவனம் தேவையில்லை. நொய், கீரை, அசோலா, சமையல் மிச்சம் கொடுத்துச் செலவைக் குறைக்கலாம். வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசிக்கு அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை அணுகுங்க. கால்நடைகளுக்கு அவசர சிகிச்சை தேவைப்பட்டால் 1962-ஐ அழைக்கலாம்.

வாங்குபவருக்கு

தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு தினமும் அறிவிக்கும் நாமக்கல் விலை, பண்ணையில் கொடுக்கும் விலை. அதோடு வண்டி வாடகை, உடைசல், கடை லாபம் சேர்ந்துதான் உங்களுக்கு வரும். பண்ணை விலை இறங்கிய பிறகும் கடையில் இறங்கலைன்னா காரணம் கேளுங்க. புரட்டாசியில் பலர் அசைவம் தவிர்ப்பதால் விலை தணிவது வழக்கம். அப்போ பிள்ளைகளுக்குக் கூடுதலாக வாங்கிக் கொடுக்கலாம். தண்ணீரில் போட்டால் நல்ல முட்டை மூழ்கும், பழையது மிதக்கும்.

உழவன் செயலியை இன்னும் பதிவிறக்கம் செய்யலையா? இன்றே செய்யுங்க. ஊரில் மக்காச்சோளம் போட்டிருக்கும் உறவினர் யாராவது இருந்தால், அவங்க கைப்பேசியிலும் போட்டுக் கொடுத்து, விலை பார்க்கச் சொல்லிக் கொடுங்க.