எதை வெட்டப் போகிறோம்?

கடந்த ஆண்டு விடுமுறையில், ஸ்கூடாயில் உள்ள எங்கள் வீட்டுப் பின்கட்டில் அலுமினியத் துண்டு ஒன்றில் பள்ளம் வெட்ட முயன்றேன். என்னிடம் மில்லிங் இயந்திரம் இல்லை. அப்பாவின் துளையிடும் இயந்திரத்தில் வெட்டியைப் பொருத்தி, துண்டைப் பக்கவாட்டில் தள்ளினேன். சில விநாடிகளில் வெட்டியைப் பிடித்திருந்த 'சக்' கழன்று என் கை அருகே விழுந்தது. நல்லவேளை, காயமில்லை. "இனி இப்படிச் செய்யாதே" என்றார் அப்பா.

தவறு இயந்திரத்தில் இல்லை, என்னிடம்தான். துளையிடும் இயந்திரம் கீழ்நோக்கி அழுத்துவதற்கு உருவானது. அதன் சக் கூம்பு வடிவப் பொருத்தின் உராய்வால் மட்டுமே நிற்கிறது. பக்கவாட்டு விசையும் அதிர்வும் அதைத் தளர்த்திவிடும். மில்லிங் இயந்திரத்தில் மேலிருந்து ஒரு நீண்ட போல்ட் வெட்டியின் பிடியை இழுத்து இறுக்குகிறது. அந்த ஒரு போல்ட்தான் பெரிய வேறுபாடு.

பகுதிநேர வேலையில் சேமித்த பணத்தோடு, சிறிய மில்லிங் இயந்திரம் தேடத் தொடங்கினேன். அப்பாவின் நண்பர், தொழிற்சாலையில் ஓடிய பழைய இயந்திரம் ஒன்றைக் குறைந்த விலைக்குத் தருவதாகச் சொன்னார். ஆசையாக இருந்தது. ஆனால் அதன் எடை ஏறக்குறைய ஒரு டன். மும்முனை மின்சாரமும் தேவை. எங்கள் வரிசை வீட்டில் இருப்பதோ ஒருமுனை இணைப்பு. மனமில்லாமல் மறுத்தேன்.

சிறிய இயந்திரங்களை ஒப்பிட்டபோது முதலில் மோட்டாரின் வாட் அளவைத்தான் பார்த்தேன். உண்மையில் பார்க்க வேண்டியது விறைப்பு. வகுப்பில் படித்த விதி இங்கே உதவியது: பிடியிலிருந்து வெட்டி நீட்டியிருக்கும் நீளம் இரு மடங்கானால், அதே விசைக்கு அது 8 மடங்கு வளையும். இயந்திரத்தின் உடல் வளைந்தாலும் அளவு பிசகும். அதனால் கனமான வார்ப்பிரும்பு நல்லது.

அடுத்தது தூண். உருண்டைத் தூண் கொண்டவற்றில் தலைப்பகுதியை ஏற்றி இறக்கினால், அது சற்றுத் திரும்பி வெட்டும் இடம் மாறிவிடும். சரிவான பள்ளத்தில் நகரும் தூணில் இந்தத் தொல்லை குறைவு. கடையில் கைப்பிடியை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். மேசை நகராமல் கைப்பிடி மட்டும் சுழலும் தூரமே திருகின் தளர்வு. சிறிதளவு எல்லாவற்றிலும் இருக்கும், அதிகமென்றால் யோசியுங்கள்.

வேகத்தையும் கணக்கிடலாம். மென்எஃகை நிமிடத்துக்கு 25 மீட்டர் வேகத்தில் 10 மில்லிமீட்டர் வெட்டியால் வெட்ட, சுமார் 800 சுற்றுகள் போதும். அலுமினியத்துக்கு இதைவிட அதிகம் வேண்டும்.

கையிருப்பு முழுவதையும் இயந்திரத்துக்கே செலவழிக்காதீர்கள். இடுக்கி, வெட்டிகள், அவற்றைப் பிடிக்கும் கோலெட்டுகள், அளவுமானி ஆகியவை இல்லாமல் அது வெறும் இரும்புதான்.

இறுதியில் என்னை முடிவெடுக்க வைத்தது ஒரே கேள்வி: நான் எதை வெட்டப் போகிறேன்? என் ரோபோவுக்கான உள்ளங்கை அளவு அலுமினியப் பாகங்கள். அதற்கு இருவர் தூக்கக்கூடிய, சுமார் 50 கிலோ இயந்திரமே போதும். அதையே வாங்கினேன்.

முதலில் வெட்டியது அன்று பாதியில் நின்ற அதே பள்ளம். பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தேன். சுழலும் வெட்டியில் சிக்கும் என்பதால் கையுறை அணியவில்லை. அப்பா பக்கத்திலேயே நின்றார். வெட்டி முடித்ததும் துண்டை வாங்கி விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "அடுத்து நம் கேட்டுக்கு ஒரு கீல் செய்" என்றார்.