மண்ணும் செடியும் காக்கும் மீன்தொட்டி

தொடர்மாடி வீடுகளில் வாழும் எம்மவர் பலரது வரவேற்பறையில் ஒரு காலம் மீன்தொட்டி ஒன்று இருந்திருக்கும். இன்று அது நிலவறையில் தூசி படிந்து கிடக்கும். பிள்ளைகள் கேட்டார்கள் என்று வாங்கப்பட்ட தொட்டி அது. தொட்டியையும் மீன்களையும் ஒரே நாளில் கொண்டுவந்து, அன்று மாலையே மீன்களை நீரில் விட்டிருப்பார்கள். இரண்டு வாரத்துக்குள் மீன்கள் ஒவ்வொன்றாக மிதந்திருக்கும். வடிகட்டும் இயந்திரம் இரவெல்லாம் இரைந்துகொண்டிருக்க, தண்ணீரை மாற்றி மாற்றிப் பெற்றோர் களைத்திருப்பார்கள். இது அக்கறையின்மையால் நேர்வதன்று. புதிய தொட்டியில் மீனின் கழிவை ஏற்றுக்கொள்ள உயிர் எதுவும் இல்லாமையே காரணம்.

மீனின் செவுள்களில் இருந்தும், உண்ணாது விட்ட உணவு அழுகுவதில் இருந்தும் அமோனியா நீரிற் சேர்கின்றது. அது மீனுக்கு நஞ்சு. ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனை நைத்திரைற்றாகவும், வேறு சில அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சே; நைத்திரேற்றினால் வரும் தீங்கு மிகக் குறைவு. ஆனால் இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் வேண்டும். கடையில் வாங்கிய மீன் அதுவரை காத்திருப்பதில்லை. நீர்ச்செடிகளோ அமோனியாவை நேரே உணவாக உறிஞ்சுகின்றன. நாம் எதைக் கழிவு என்கிறோமோ, அதுவே அவற்றுக்கு எரு. இயந்திரத்திடம் நாம் ஒப்படைக்கும் வேலையைச் செடிகள் செலவின்றிச் செய்கின்றன.

இது புதிய கண்டுபிடிப்பன்று. இலண்டனைச் சேர்ந்த இரசாயனவியலாளர் றொபேட் வாரிங்டன் 1849 இல் ஒரு கண்ணாடித் தொட்டியில் இரண்டு பொன்மீன்களையும் வலிஸ்னேரியா என்ற நாடாப் புற்செடியையும் இட்டார். செடியின் பழைய இலைகள் அழுகி நீர் கலங்கியபோது குளத்து நத்தைகள் சிலவற்றைச் சேர்த்தார்; அவை அழுகலைத் தின்று நீரைத் தெளிவித்தன. மின்சாரம் வீடுகளுக்கு வராத அக்காலத்தில் அவர் கண்டதை 1850 இல் இரசாயனச் சங்கத்துக்கு அறிக்கையாகத் தந்தார். நீர்ச்செடித் தொட்டியின் சூழலியல் பற்றி அமெரிக்கரான டயானா வால்ஸ்ரட் எழுதிய நூல் 1999 இல் வெளிவந்தது. தொட்டியின் அடியில் சாதாரண மண்ணை இடும் முறை வீடுகளிற் பரவியது பெரிதும் அந்நூலால்தான். இங்கு நாம் விவரிப்பதும் அம்முறையையே.

தொடங்குவோர்க்கு 60 சென்ரிமீற்றர் நீளமும் 30 அகலமும் 30 உயரமும் கொண்ட தொட்டி போதும். அது 54 லீற்றர் கொள்ளும். மண்ணும் கல்லும் நீரும் சேர்ந்தால் ஏறத்தாழ 70 கிலோ நிறை வரும் என்பதை மறந்து, மெல்லிய தளபாடத்தின்மேல் வைத்துவிடக் கூடாது. நிரப்பியபின் நகர்த்தவும் இயலாது. எனவே இடத்தை முதலில் தீர்மானியுங்கள்.

மண் விடயத்தில்தான் பலர் தவறுகின்றனர். கடைகளில் விற்கும் பூச்சாடி மண்ணிற் செயற்கை உரம் கலந்திருந்தால் அது ஆகாது. நீரிற் கரைந்து பாசியை வளர்க்கும், அமோனியாவையும் பெருக்கும். உரமும் பூச்சிமருந்தும் சேராத மண்ணை இரண்டரை சென்ரிமீற்றர் அளவுக்குப் பரப்பி, அதன்மேல் இரண்டு, மூன்று மில்லிமீற்றர் பருமனுள்ள குறுங்கல்லை அதே அளவுக்கு இட வேண்டும். இதைவிடத் தடிப்பாக இட்டால் அடிமண்ணுக்கு ஒட்சிசன் எட்டாது. அழுகல் நாற்றம் எழும். நீரை ஊற்றும்போது கல்லின்மேல் ஒரு தட்டை வைத்து அதன்மேல் மெதுவாக ஊற்றினால் மண் கலங்காது.

குழாய்நீரிற் குளோரின் இருந்தால் வாளியில் ஒருநாள் திறந்து வைக்க அது அகன்றுவிடும். ரொறொன்ரோ போன்று குளோராமின் கலக்கும் நகரங்களில் இந்த உபாயம் பலிக்காது; அதனை நீக்கும் திரவத்தைக் கடையில் வாங்கத்தான் வேண்டும்.

செடிகளை முதல் நாளிலேயே நெருக்கமாக நட வேண்டும். சிக்கனம் பார்த்து நான்கு தண்டுகளை நட்டால் தொட்டி செடிக்கன்றிப் பாசிக்கே உரியதாகும். வலிஸ்னேரியா, ஐக்ரோபிலா ஆகியவற்றோடு நீரில் மிதக்கும் செடிகளையும் சேருங்கள். மிதக்கும் செடிகள் காற்றில் இருந்தே காபனீரொட்சைட்டைப் பெறுவதால் மிக விரைந்து வளர்ந்து கழிவை உறிஞ்சும்.

கடைகளிற் சிறு சாடிகளில் விற்கப்படும் கிரிப்டோகோரைன் வென்ரியை என்ற பழுப்பிலைச் செடியை எம்மவர் கவனிக்காது கடந்து போகின்றனர். அது இலங்கையின் ஓடைகளுக்கே உரிய செடி; வேறெந்த நாட்டிலும் இயற்கையாக வளர்வதில்லை. நிழலையும் மங்கிய ஒளியையும் தாங்குவதால் வடக்கு நாடுகளின் வீடுகளுக்குப் பொருத்தமானது. நட்ட சில நாட்களில் அதன் இலைகள் கரைந்து போகலாம். பிடுங்கி எறிந்துவிடாதீர்கள்! வேர் உயிரோடிருக்கும், சில வாரங்களிற் புதிய இலை விடும்.

விளக்கைப் பத்து மணி நேரம் எரிய விடலாம். ஐந்து மணி நேரத்தின்பின் நான்கு மணி நேரம் அணைத்து, மீண்டும் ஐந்து மணி நேரம் ஏற்றுவது நல்லது. அந்த இடைவேளையிற் செடிகள் பயன்படுத்தி முடித்த காபனீரொட்சைட்டு நீரில் மீண்டும் சேர்கின்றது. நேரம் காட்டும் மின்செருகி ஒன்று இவ்வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

இனி மீன்கள். செடிகள் புதுத் தளிர் விடும்வரை காத்திருந்து, அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லை என்று சோதனைத் திரவத்தால் உறுதி செய்தபின், நான்கைந்து மீன்களையே முதலில் விட வேண்டும். பிள்ளைகளுக்கு இந்தக் காத்திருப்பு கடினம்தான். ஆயினும் செத்த மீனைத் தாளிற் சுற்றுவதிலும் இது எளிது. இலண்டனைப் போன்று கடினநீர் உள்ள ஊர்களுக்குக் கப்பி மீன் ஏற்றது. செடியைப் போலவே மீனிலும் எமது தீவைச் சேர்ந்தது ஒன்றுண்டு. 1929 இல் பி. ஈ. பி. தெரணியகல விவரித்த செரி பார்ப் என்னும் சிவந்த சிறுமீன், தென்மேற்கு இலங்கையின் நிழல்சூழ்ந்த ஓடைகளில் வாழ்வது. இன்று விற்பனைக்கு வருபவை பெரும்பாலும் பண்ணைகளிற் பிறந்தவை. கூட்டமாக வாழ்வதால் ஆறேனும் வேண்டும். அவற்றையும் இரண்டு தடவையாக விடலாம். நீர் 22 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கும் அறையாயின் வெப்பமேற்றி தேவை. அந்த ஒரு கருவியில் மட்டும் சிக்கனம் கூடாது.

உணவு, இரண்டு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவே. நீர் ஆவியாகக் குறைந்ததை நிரப்புங்கள்; முதல் இரு மாதங்களில் வாரம் ஒருமுறை காற்பங்கை மாற்றுங்கள்; பின்னர் தேவையறிந்து மாற்றினாற் போதும். அதிகாலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தால் ஒட்சிசன் குறைவு என்று பொருள். நீரை அசைக்கும் சிறிய பம்பு ஒன்றை வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை.

செடிகள் பெருகும்போது வெட்டியவற்றை நண்பர்களுக்குக் கொடுக்கலாம். எஞ்சியவற்றை நன்கு உலர்த்திக் குப்பையில் இடுங்கள். அருகிலுள்ள ஆற்றிலோ ஏரியிலோ செடியையோ மீனையோ நத்தையையோ விடுவது அந்நாட்டு நீர்நிலைகளைக் கெடுக்கும்; பல நாடுகளில் அது சட்டப்படி குற்றமுமாகும்.