கருவில் ஒரு கொள்ளிடம்

மாணவர்களே, திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிவதை அறிவீர்கள். தென்கிளை காவிரி என்ற பெயரோடே ஓடுகிறது; வடகிளை கொள்ளிடம். இவற்றின் நடுவே தீவாக இருப்பது ஸ்ரீரங்கம். வெள்ளக் காலத்தில், காவிரி தாங்க முடியாத நீரைக் கொள்ளிடம் வாங்கிக்கொள்கிறது. அந்த நேரத்தில் கொள்ளிடத்தின் மதகுகளை அடைத்துவிட்டால் என்ன ஆகும்?

இதுபோன்ற ஒரு மாற்று வழி, நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது நம் இதயத்தின் அருகிலும் இருந்தது. கருவிலுள்ள குழந்தை காற்றைச் சுவாசிப்பதில்லை. அதற்கு வேண்டிய ஆக்சிஜன் தொப்புள்கொடி வழியே வருகிறது. ஆகவே நுரையீரலுக்குக் கொஞ்சம் இரத்தம் போனால் போதும். மீதியை நுரையீரல் தமனியிலிருந்து பெருந்தமனிக்குத் திருப்பிவிடும் குறுக்குக் குழாய்க்கு 'டக்டஸ் ஆர்ட்டீரியோசஸ்' என்று பெயர். குழந்தை பிறந்து மூச்சுவிடத் தொடங்கியதும், பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் இது சுருங்கி மூடிக்கொள்கிறது.

அதுவரை இக்குழாயைத் திறந்து வைத்திருப்பதில் முக்கியப் பங்கு வகிப்பது 'புராஸ்டாகிளாண்டின்' என்னும் பொருள். அடிபட்ட இடத்தில் வலியும் வீக்கமும் உண்டாவதற்கும் இவ்வகைப் பொருள்களே காரணம். ஆஸ்பிரின் இவற்றின் உற்பத்தியைத் தடுக்கிறது என்று 1971-இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் ஆகிய மாத்திரைகளும் இவ்வாறே வேலை செய்கின்றன.

ஆபத்து எங்கே என்று இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். தாய் விழுங்கும் மருந்து நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையையும் அடைகிறது. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில், அது இக்குழாயைப் பிறப்புக்கு முன்பே சுருங்கச் செய்யலாம். அப்போது இதயத்தின் வலப்பக்கமும் நுரையீரலின் இரத்தக் குழாய்களும் அளவுக்கு மீறிய அழுத்தத்துக்கு உள்ளாகும். குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டுப் பனிக்குட நீர் குறையவும் கூடும். இதனால்தான் 20-ஆவது வாரம் முதலே இம்மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2020-இல் எச்சரித்தது.

மருந்து கெட்டதல்ல. குறைமாதக் குழந்தைக்கு இக்குழாய் மூடாமல் இருந்தால், அதை மூடவைக்க இதே ஐபுபுரூஃபெனை மருத்துவர்கள் கொடுப்பதுண்டு. சில கர்ப்பிணிகளுக்குக் குறைந்த அளவு ஆஸ்பிரினையும் எழுதித் தருவார்கள். அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. எந்த மருந்து, எந்தக் காலத்தில், எவ்வளவு என்பதே கேள்வி.

பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கும் அக்காவுக்கு இடுப்புவலி என்றால், கடைக்கு ஓடுவது பெரும்பாலும் நீங்கள்தான். "வலி மாத்திரை ஒன்று கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். வீட்டில் மீந்த மாத்திரையையும் எடுத்துக் கொடுக்காதீர்கள். கர்ப்பம் எத்தனை வாரம் என்று சொல்லி, முதலில் மருத்துவரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேளுங்கள். உள்ளே இருக்கும் குழந்தையின் கொள்ளிடம் திறந்தே இருக்கட்டும்!