சாங்கியில் பத்து மணி நேரம்: ஒரு குன்று, ஒரு கல், ஒரு முகத்துவாரம்

சென்னையிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ அமெரிக்காவின் மேற்குக் கரைக்கோ டிக்கெட் தேடிப் பாருங்கள். விலை குறைந்தவற்றில் சில, சிங்கப்பூரில் எட்டு மணி, பத்து மணி நேரம் உட்கார வைக்கும். அதைப் பார்த்ததும் நம்மில் பாதிப் பேர் அடுத்த டிக்கெட்டுக்குத் தாவிவிடுவோம். மீதிப் பேர் இணையத்தில் "பத்து மணி நேரத்தில் சிங்கப்பூர்" என்று தேடி, பதினைந்து இடங்கள் கொண்ட பட்டியலோடு இறங்கி, மூச்சு வாங்க ஓடி, போட்டோ எடுத்துக்கொண்டு வருவோம்.

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. ஒரு ஊருக்கு ஒரு கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டு போவது. இடங்களை அந்தக் கேள்வியே தேர்ந்தெடுத்துக் கொடுக்கும். சிங்கப்பூரை வைத்தே இதை விளக்குகிறேன். நம்மூர்க்காரர்கள் அதிகம் காத்திருக்கும் விமான நிலையங்களில் சாங்கியும் ஒன்று. நமக்குச் சம்பந்தமுள்ள ஒரு புதிரும் அங்கே இருக்கிறது.

முதலில் கணக்கு

லேஓவர் நேரம் முழுவதும் நம் கைக்கு வராது. சாங்கிக்கு நான் வைக்கும் கணக்கு இது:

- விமானத்திலிருந்து இறங்கி, நடந்து, இமிக்ரேஷன் தாண்டி வெளியே வர: 1 மணி
- எம்.ஆர்.டி. ரயிலில் நகருக்குள் போக: 1 மணி
- திரும்பி வர: 1 மணி
- அடுத்த விமானம் கிளம்பும் முன் விமான நிலையத்தில் இருக்க வேண்டியது: 2 மணி

மொத்தம் ஐந்து. ஆக, லேஓவரிலிருந்து ஐந்தைக் கழித்தால் வருவதுதான் உங்கள் நேரம். ஆறு மணி நேர லேஓவரில் மிஞ்சுவது ஒன்று. வெளியே போகவே வேண்டாம். எட்டு என்றால் மூன்று, ஓரிடம் பார்க்கலாம். பத்து என்றால் ஐந்து. ஒரு கேள்விக்கு அது தாராளம்.

கடைசி இரண்டு மணி நேரத்தில் கஞ்சத்தனம் பிடிக்காதீர்கள். சாங்கியின் 1, 2, 3-ம் டெர்மினல்களில் பாதுகாப்புச் சோதனை ஒவ்வொரு கேட் வாசலிலும் நடக்கும். எனவே உள்ளே வந்தாயிற்று என்று கடைகளில் திரிந்தால், கேட்டில் வரிசை காத்திருக்கும்.

இன்னொன்று, பெட்டிகள். ஒரே டிக்கெட்டில் போகிறவர்களுக்குப் பெட்டி நேராகக் கடைசி ஊருக்குப் போய்விடும். தனித்தனியாக இரண்டு டிக்கெட் எடுத்திருந்தால் பெரும்பாலும் நீங்களே எடுத்து மறுபடி போட வேண்டியிருக்கும். கிளம்பும்போதே செக்-இன் கவுண்டரில் கேட்டுவிடுங்கள். கைப்பையை விட்டுவிட்டுப் போக, டெர்மினல்களிலேயே கட்டணம் வாங்கிக்கொண்டு பாதுகாக்கும் இடங்கள் உண்டு.

வெளியே விடுவார்களா?

இந்தியப் பாஸ்போர்ட்டுக்குச் சிங்கப்பூர் விசா தேவை. ஆனால் ஒரு சலுகை உண்டு. ஆஸ்திரேலியா, கனடா, ஜெர்மனி, ஜப்பான், நியூசிலாந்து, சுவிட்சர்லாந்து, பிரிட்டன், அமெரிக்கா ஆகியவற்றில் ஏதாவது ஒரு நாட்டின் செல்லுபடியாகும் விசாவோ நீண்டகால அனுமதியோ கையில் இருந்து, அடுத்த பயணத்துக்கு உறுதியான டிக்கெட்டும் இருந்தால், 96 மணி நேரம் வரை விசா இல்லாமல் உள்ளே போக அனுமதிக்கிறார்கள். அதற்கும் கிளை நிபந்தனைகள் உண்டு, குறிப்பாக ஒரேமுறை நுழையும் விசா வைத்திருப்பவர்களுக்கு. முடிவு எடுப்பவர் கவுண்டரில் இருக்கும் அதிகாரி. விதிகள் மாறக்கூடியவை, சிங்கப்பூர் குடிநுழைவு ஆணையத்தின் தளத்தில் பயணத்துக்கு முன் ஒருமுறை படித்துவிடுங்கள்.

அதே தளத்தில் வருகை அட்டையை இணையத்திலேயே நிரப்ப வேண்டும். வந்து சேரும் நாளோடு சேர்த்து மூன்று நாட்களுக்குள் செய்யலாம். இலவசம். பணம் கேட்கிற தளம் என்றால் அது அரசுத் தளம் இல்லை.

மெல்லும் புகையிலை, இ-சிகரெட் இரண்டுக்குமே அங்கே தடை. பையில் இருந்தால் வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.

விசா வழி எதுவும் இல்லையென்றால் டிரான்சிட் பகுதியிலேயே இருக்க வேண்டியதுதான். 40 மீட்டர் உயர உள்ளரங்க அருவி இருக்கும் ஜுவெல் கட்டடம்கூட இமிக்ரேஷனுக்கு வெளியேதான். 2-ம் டெர்மினலுக்கும் 3-ம் டெர்மினலுக்கும் நடுவே ஓடும் ஸ்கைடிரெயின் அதன் வழியாகப் போவதால், ஜன்னலோரம் நின்றால் ஒரு பார்வை கிடைக்கும்.

கேள்வி என்ன?

சிங்கப்பூர் வரலாறு 1819-ல் ஸ்டாம்ஃபோர்ட் ராஃபிள்ஸ் கரையிறங்கியதோடு தொடங்குகிறது என்று பலர் நினைக்கிறோம். அதற்கு முன் மீனவர் குடிசைகளும் காடும்தான் என்பது பழைய பாடப்புத்தகக் கதை. நம் கேள்வி: ராஃபிள்ஸுக்கு முன் இங்கே யார் இருந்தார்கள்?

இந்தக் கேள்விக்கான சாட்சிகள் மூன்றும் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. ஒரு குன்று, ஒரு கல், ஒரு ஆற்று முகத்துவாரம். காலை 6 மணிக்கு இறங்கி மாலை 4 மணிக்குக் கிளம்புவதாக வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் விமானங்கள் பல விடிகாலையில்தான் இறக்கிவிடும். அப்படியென்றால் 8 முதல் 1 மணி வரை ஊர் நம்முடையது.

8 மணி: குன்று

விமான நிலைய ஸ்டேஷனில் ஏறி, அடுத்த ஸ்டேஷனான எக்ஸ்போவில் இறங்கி, டவுன்டவுன் லைனுக்கு மாறி ஃபோர்ட் கேனிங் ஸ்டேஷனில் இறங்குங்கள். தனி டிக்கெட் வாங்க வேண்டாம்; வெளிநாட்டில் வேலை செய்யும் கான்டாக்ட்லெஸ் கார்டு இருந்தால் வாசலில் தட்டினால் போதும். சில வெள்ளிதான் ஆகும். டாலரை அங்கே தமிழில் வெள்ளி என்றுதான் சொல்வார்கள்.

ஃபோர்ட் கேனிங் பெரிய மலையெல்லாம் இல்லை. திருச்சி மலைக்கோட்டை உயரம்கூட வராது. பழைய மலாய்ப் பெயர் புக்கிட் லாராங்கான், அதாவது தடைசெய்யப்பட்ட குன்று. பழைய அரசர்களின் இடம் என்று உள்ளூர் மக்கள் ஏறப் பயந்தார்கள். ராஃபிள்ஸ் அதன்மேல்தான் வீடு கட்டிக்கொண்டார்.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. 1928-ல் இங்கே நீர்த்தேக்கம் தோண்டிய தொழிலாளர்களுக்குத் தங்க நகைகள் கிடைத்தன. ஜாவா பாணியில் செய்த 14-ம் நூற்றாண்டு வேலைப்பாடு. 1984-ல் ஜான் மிக்சிக் என்ற தொல்லியலாளர் இங்கே அகழாய்வு செய்தார். சீனப் பீங்கான், கண்ணாடி மணிகள் என்று வெளிவந்தன. ராஃபிள்ஸுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கே அரசும் வணிகமும் இருந்தன என்பது அதோடு உறுதியானது. அகழ்ந்த குழி ஒன்றைக் கூரை போட்டு அப்படியே வைத்திருக்கிறார்கள். கீழடிக் குழிகளைப் பார்த்தவர்களுக்கு அந்த மண் அடுக்குகள் பழகிய காட்சியாக இருக்கும். வெயில் ஏறும் முன் இதை முடித்துவிடுவது நல்லது.

10 மணி: கல்

குன்றின் அடிவாரத்திலேயே தேசிய அருங்காட்சியகம். 10 மணிக்குத் திறக்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் உண்டு. 2023 முதல் கட்டம் கட்டமாகப் புதுப்பிப்பு வேலைகள் நடந்து வருவதால், எந்தக் கூடம் திறந்திருக்கிறது என்று தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். 1928-ல் கிடைத்த தங்கக் கைவளை இங்கேதான் இருக்கிறது. ஆனால் நாம் தேடி வந்தது "சிங்கப்பூர் கல்" என்ற மணற்கல் துண்டு.

அதன் கதை சோகமானது. 1819-ல் ஆற்று முகத்துவாரத்தில் காட்டை வெட்டியபோது, சுமார் 3 மீட்டர் உயரப் பாறை ஒன்று தெரிந்தது. அதில் சுமார் 50 வரி எழுத்து. யாராலும் படிக்க முடியவில்லை. பிராமி எழுத்தைப் படித்துக் காட்டிய ஜேம்ஸ் பிரின்செப், இந்தக் கல்லின் ஒரு பிரதியை 1837-ல் கல்கத்தா ஆய்விதழில் வெளியிட்டார். அப்போதும் விடை இல்லை. 1843-ல் முகத்துவாரத்தை அகலப்படுத்தவும் கோட்டைக்கு இடம் பண்ணவும் கல்லை வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். ஜேம்ஸ் லோ என்ற அதிகாரி சில துண்டுகளைப் பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். அவற்றில் ஒன்றுதான் பல பத்தாண்டுகள் கழித்து ஊர் திரும்பி, இப்போது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது.

இனி நமக்குச் சம்பந்தமுள்ள புதிர். எழுத்து ஜாவா, சுமத்ரா பகுதியின் கவி எழுத்து வகையைச் சேர்ந்தது என்பது பலரின் கருத்து. காலம் 10 முதல் 14-ம் நூற்றாண்டு வரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 2019-ல் அயன் சின்க்ளேர் என்ற ஆய்வாளர், அதில் "கேசரிவ" என்று படிக்க முடிகிறது, அது "பரகேசரிவர்மன்" என்பதன் பகுதியாக இருக்கலாம் என்றார். நம் கல்வெட்டுகளில் "கோப்பரகேசரிபன்மர்" என்று வருமே, அந்தச் சோழப் பட்டம்தான்.

இது வாட்ஸ்அப்பில் ஏறினால் என்ன ஆகும்? "சிங்கப்பூரில் ராஜேந்திர சோழன் கல்வெட்டு" என்று முடிந்துவிடும். ராஜேந்திரன் பரகேசரிதான்; 1025-ல் கடாரம் நோக்கிக் கப்பற்படை அனுப்பியதும் உண்மைதான். ஆனாலும் கல்லின் முன் நின்று நிதானமாக யோசியுங்கள்.

சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்று மாறி மாறிப் பட்டம் வைத்துக்கொண்டவர்கள். "கேசரிவ" இரண்டுக்குமே பொருந்தும். பரகேசரி என்றே வைத்தாலும் அந்தப் பட்டம் கொண்ட சோழர்கள் பலர். அது சோழப் பட்டமேதான் என்றாலும், எழுதியது சோழர் ஆளா, உள்ளூர் அரசனா என்று தெரியாது. சுமார் 50 வரிகளில் நம் கண்முன் இருப்பது ஒரு துண்டு. ஒரு பெரிய லாக் ஃபைலில் நடுவிலிருந்து நாலு வரி மட்டும் கிடைத்தால் எந்த இன்ஜினியரும் காரணம் இதுதான் என்று சத்தியம் பண்ண மாட்டார். இங்கேயும் அதே நிதானம் வேண்டும்.

இந்தக் கடல்வழியில் தமிழர் இருந்ததை நிரூபிக்க இந்தக் கல் தேவையும் இல்லை. சுமத்ராவின் பாருஸ் அருகே, ஐந்நூற்றுவர் வணிகக் குழுவினர் 1088-ல் வெட்டிய தமிழ்க் கல்வெட்டே கிடைத்திருக்கிறது. அது தெளிவான சாட்சி. சிங்கப்பூர் கல் திறந்திருக்கும் கேள்வி.

11.30: முகத்துவாரம்

இங்கிருந்து ஆற்றங்கரைக்கு இருபது, இருபத்தைந்து நிமிட நடை. வழியில் வெள்ளை வெளேரென்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் வரும். 19-ம் நூற்றாண்டின் நடுவில் அதைக் கட்டியவர்கள் இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகள். உள்சுவர்ப் பூச்சுக்கு, சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்த "மெட்ராஸ் சுண்ணாம்பு" பயன்பட்டது.

பிறகு ஆற்றைத் தாண்டினால் ஃபுல்லர்டன் ஹோட்டல், அதன் எதிரே மெர்லயன் சிலை. எல்லோரும் செல்ஃபி எடுக்கும் இந்த வட்டாரத்தில்தான் அந்தப் பாறை நின்றது. செஜாரா மெலாயு என்ற பழைய மலாய் நூலில் ஒரு கதை உண்டு. பாடாங் என்ற பலசாலியோடு போட்டி போட, கிளிங் நாட்டு அரசன் தன் மல்லனை அனுப்பினான். கிளிங் என்றால் மலாயில் தென்னிந்தியா. அரண்மனை முன் கிடந்த பெரிய கல்லை முழங்கால் வரைதான் அவனால் தூக்க முடிந்தது. பாடாங்கோ அதைத் தூக்கி முகத்துவாரத்துக்கே எறிந்துவிட்டான். சிங்கப்பூர் கல்லை இந்தக் கதையோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். குன்றிலிருந்து நடந்து வந்த கால்களுக்கு, அந்த எறி எவ்வளவு பெரிய புளுகு என்பது நன்றாகவே புரியும்!

எதிரே தெரியும் தண்ணீர் இப்போது கடலே இல்லை. 2008-ல் மரினா தடுப்பணை வந்தபின் அது நன்னீர்த் தேக்கம். கல்லும் போய், கடலும் தள்ளிப்போன இடம் அது. ஊரின் பழைய வாசல் இதுதான் என்பதை நாமாகத்தான் கற்பனை செய்துகொள்ள வேண்டும்.

1 மணி: கிளம்புங்கள்

பக்கத்திலேயே ராஃபிள்ஸ் பிளேஸ் ஸ்டேஷன். கிழக்கு-மேற்கு லைனில் தானா மேரா போய், அங்கே விமான நிலைய ரயிலுக்கு மாறுங்கள். லேஓவர் பன்னிரண்டு மணி நேரம் என்றால் மட்டும், சவுத் பிரிட்ஜ் ரோடு வரை நடந்து, 1827-ல் தொடங்கிய மாரியம்மன் கோயிலையும் பார்க்கலாம். ராஃபிள்ஸோடு கப்பலில் வந்த நாராயண பிள்ளை கட்டியது. ஆனால் அது "ராஃபிள்ஸுக்குப் பின் யார் வந்தார்கள்" என்ற அடுத்த கேள்வி. அதை அடுத்த லேஓவருக்கு வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

வேறு ஊருக்கும் முறை இதேதான். முதலில் அந்த விமான நிலையத்துக்கான கழித்தல் கணக்கு. பிறகு ஒரு கேள்வி. விடை ஓரிடத்தில் முடியாமல், நடக்கும் தூரத்தில் இரண்டு மூன்று இடங்களில் சிதறிக் கிடக்கிற மாதிரி. கிளம்பும் முன் வீட்டில் இரண்டு மணி நேரம் படியுங்கள். அந்த இரண்டு மணி நேரம் லேஓவர் கணக்கில் வராது. அது இல்லாமல் போனால், கண்ணாடிக்குப் பின்னால் இருப்பது வெறும் உடைந்த கல்தான்.