டச்சு பேச விடாத டச்சுக்காரர்கள்

நெதர்லாந்துக்குக் குடிபோகிறவர்களுக்கு டச்சு கடினமான மொழி என்பது பெரிய பிரச்சனை அல்ல. அதைப் பேச ஆள் அகப்படுவதில்லை என்பதுதான் பிரச்சனை. ரொட்டிக் கடையில் நின்று, மனப்பாடம் செய்த வாக்கியத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்தால், கடைக்காரப் பெண் புன்னகையுடன் நல்ல ஆங்கிலத்தில் பதில் சொல்கிறார். உதவி செய்வதாகவே அவர் நினைக்கிறார். வந்தவரின் ஒரு வார உழைப்பு அங்கேயே முடிந்துபோகிறது.

ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஆம்ஸ்டல்வேனிலும் தெற்கே ஐந்தோவனிலும் இந்தியப் பொறியாளர் குடும்பங்கள் ஏராளம். அலுவலகம், வங்கி, மருத்துவர் எல்லாம் ஆங்கிலத்தில் ஓடிவிடும். உயர்திறன் பணியாளர் அனுமதியில் வந்தவர்களை மொழித் தேர்வு எழுதச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. அகதிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது. 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அவர்களிடம் பொதுவாக மூன்று ஆண்டுகளில் 'பி1' எனப்படும் இடைநிலைத் தேர்ச்சியை எதிர்பார்க்கிறது. அங்கேயே நிலைத்துவிட்டவரை மணந்து போகும் இந்தியர்கள் விமானம் ஏறுவதற்கு முன்பே தூதரகத்தில் அடிப்படைத் தேர்வு எழுத வேண்டும். இது 2006 முதல் உள்ள ஏற்பாடு.

கட்டாயம் இல்லாதவர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள் என்று தோன்றுகிறது. பத்தாண்டு இருந்தும் வரித்துறையின் நீல உறை வந்தால் பிரித்துப் படிக்க இன்னொருவரைத் தேட வேண்டியிருக்கிறது. பள்ளி வாசலில் மற்றத் தாய்மார்கள் பேசிச் சிரிக்கும்போது சற்றுத் தள்ளி நிற்க வேண்டியிருக்கிறது. பக்கத்து வீட்டுப் பிறந்தநாள் விழாவில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்காருகிறார்கள். உள்ளே நுழைகிறவர் பிறந்தநாள்காரரை மட்டுமல்ல, அவருடைய அம்மா, கணவர், அத்தை என எல்லோரையும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். அதற்கு ஒரே சொல்: 'ஹெஃபெலிசிடேர்ட்'. விருந்தாளிக்காகச் சிறிது நேரம் ஆங்கிலம் பேசுவார்கள். பிறகு வட்டம் தன் மொழிக்குத் திரும்பிவிடும். விருந்தாளி காப்பிக் கோப்பையைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

தமிழருக்கு டச்சு அத்தனை அந்நியமும் அல்ல. நீ, நீங்கள் என்ற வேறுபாடு அதில் உண்டு. 'ஏனென்றால்' என்று பொருள்படும் சொல்லில் தொடங்கும் துணைவாக்கியத்தில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடுகிறது. ஆங்கிலேயர் திணறும் இந்த இடத்தில் தமிழருக்கு வீட்டுக்கு வந்தது போல் இருக்கும். தொண்டையைச் செருமிக்கொண்டு எழுப்பும் 'ஹ' ஒலிதான் பாடாய்ப் படுத்தும். (ஆய்த எழுத்தைப் புத்தகத்தில் மட்டும் பார்த்தவர்கள் அதை இங்கே காதால் கேட்டதாக நினைத்துக்கொள்ளலாம்.) நேரம் சொல்வதிலும் ஆபத்து இருக்கிறது. 'அரை மூன்று' என்றால் இரண்டரை மணி. ஆங்கிலப் பழக்கத்தில் மூன்றரைக்குப் போய் நிற்கிறவர்கள் உண்டு.

சில சொற்கள் நம்மிடம் முன்பே வந்துவிட்டன. பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வணிகம் செய்தபோது அவர்கள் நாணயம் 'துட்டு' ஆயிற்று. 'கக்கூசு'ம் அவர்கள் கொடைதான். அலுவலகத்தைக் குறிக்கும் 'கந்தோர்', 1980களில் அங்கே தஞ்சம் புகுந்த ஈழத் தமிழர்களுக்கு ஊரிலேயே புழங்கிய சொல்.

இன்னொரு வேடிக்கை. 1873 முதல் கூலிகளாக சுரிநாமுக்கு அனுப்பப்பட்ட வட இந்தியர்களின் வாரிசுகள், 1975இல் அந்த நாடு விடுதலை பெற்ற காலத்தை ஒட்டிப் பெரும் எண்ணிக்கையில் நெதர்லாந்துக்கு வந்தார்கள். ஹேக் நகரில் அவர்களுக்குக் கடைத்தெருவும் கோயிலும் உண்டு. இந்தி தெரியாத சென்னைக்காரர் அங்கே ரொட்டியும் உருளைக்கிழங்குக் கறியும் வாங்கும்போது, கடைக்காரருடன் மனம்விட்டுப் பேச ஏற்ற மொழி டச்சுதான்.

எப்படிக் கற்பது? வகுப்பு இலக்கணம் தரும், பேச்சைத் தராது. பல ஊர்களில் பொது நூலகங்களிலேயே மொழி உதவி மையங்கள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை காப்பியுடன் கூடிப் பேசும் 'மொழிக் கஃபே'க்களும் உண்டு. எதிரே உட்காருகிறவர்கள் தன்னார்வலர்கள், அவர்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய. இவர்கள் ஆங்கிலத்துக்குத் தாவுவதில்லை. கடைகளுக்கு ஒரே வாக்கியம் போதும்: "கற்றுக்கொண்டிருக்கிறேன், டச்சிலேயே பேசுங்கள்." பெரும்பாலோர் உடனே வேகத்தைக் குறைத்துக்கொள்வார்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு, பொதுத் தொலைக்காட்சியில் 1981 முதல் வரும் சிறுவர் செய்திகள் நல்ல வாத்தியார். எளிய சொற்கள், தெளிவான உச்சரிப்பு. அப்பாவும் அம்மாவும் சோபாவில் உட்கார்ந்து பார்க்க, புரியாத சொல்லுக்கு ஏழு வயது மகள் தமிழில் பொருள் சொல்கிறாள்.