ஏட்டில் ஏறிய பெயர்

கொச்சித் துறைமுகத்தில் கப்பல் வந்து நின்ற நாட்களில், மட்டாஞ்சேரியில் விடியற்காலையிலேயே கூலியாட்கள் திரள்திரளாகக் கூடி நிற்பார்கள் என்றும், மூப்பன் என்று அழைக்கப்பட்ட ஆள்பிடிக்கும் மேஸ்திரி அன்றைய வேலைக்கு அடையாளமான 'சாப்பா' என்னும் உலோக வில்லைகளைக் கூட்டத்தின் நடுவே வீசி எறிவார் என்றும், அவற்றைப் பொறுக்குவதற்காக மனிதர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து புரண்டு இரத்தம் சிந்துவார்கள் என்றும் அந்தப் பிரதேசத்தின் தொழிற்சங்க சரித்திரம் கூறுகிறது. வில்லை கிடைத்தவனுக்கும் பொழுது சாய்ந்ததும் வேலையோடு சம்பந்தம் அற்றுப்போகும். ஆயுளில் பாதியை மூட்டை சுமந்தே கழித்தவனும், முந்தின நாள் ஊருக்கு வந்து சேர்ந்தவனும் மறுநாள் காலையில் ஒரே நிலையில் நின்றார்கள்.

இந்தக் கொடிய வழக்கத்தை எதிர்த்து எழுந்த கிளர்ச்சியில், 1953 செப்டம்பர் 15ஆம் தேதி மட்டாஞ்சேரியில் துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. போலீஸாரின் அடக்குமுறைக்கு சைது, சைதலவி, ஆன்டனி என்னும் தொழிலாளிகள் பலியானார்கள். துறைமுகத் தொழிலாளரின் வேலையை ஒழுங்கு செய்யும் சட்டத்தை இந்திய அரசாங்கம் 1948லேயே இயற்றியிருந்த போதிலும், அதன்கீழ் கொச்சிக்கென்று தனித் திட்டம் 1959லேதான் வந்தது. கடைவீதியில் சுமை தூக்கும் 'சுமட்டு'த் தொழிலாளர்களுக்கோ 1978 வரை காத்திருந்த பிறகே கேரளத்தில் சட்டம் பிறந்தது. இவற்றால் விளைந்த பெரும் நன்மை கூலி உயர்வு மாத்திரம் அன்று; தொழிலாளியின் பெயர் ஓர் ஏட்டில் ஏறிற்று. முதுமையிலோ, அங்கம் பழுதுபட்டபோதோ, குடும்பத் தலைவன் மறைந்தபோதோ சர்க்காரிடம் உரிமையோடு ஒரு தொகையைக் கேட்பதற்கு ஆதாரமாக நிற்பது அந்தப் பெயர்தான் என்பதை நம்மவர்கள் இன்னும் போதிய அளவு உணரவில்லை என்றே நான் எண்ணுகிறேன்.

தனியார் ஸ்தாபனங்களில் வேலை செய்வோருக்குரிய பிரதான ஏற்பாடு, 1995 நவம்பர் 16 முதல் அமலில் இருக்கும் தொழிலாளர் பென்ஷன் திட்டமாகும். பொதுவாக இருபது பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் ஸ்தாபனத்தை வருங்கால வைப்புநிதிச் சட்டம் கட்டுப்படுத்தும். முதலாளி தம் பங்காகச் செலுத்தும் தொகையில், சம்பளத்தின் 8.33 சதவீதம் பென்ஷன் கணக்குக்குப் போகிறது. இதற்கு மாதச் சம்பளம் 15,000 ரூபாய் வரையில்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படும். பத்து வருஷ சேவை பூர்த்தியாகி, 58 வயதும் நிரம்பியவருக்குப் பென்ஷன் உண்டு. கடைசி அறுபது மாதங்களின் சராசரிச் சம்பளத்தைச் சேவை வருஷங்களால் பெருக்கி எழுபதால் வகுக்க வேண்டும். சராசரி 14,000 ரூபாயும் சேவை 15 வருஷமும் இருப்பவருக்கு மாதம் 3,000 ரூபாய் கிடைக்கும். ஐம்பது வயதுக்கு மேல் முன்கூட்டியே கேட்பவருக்கு, 58க்குக் குறைந்த ஒவ்வொரு வருஷத்துக்கும் நான்கு சதவீதம் குறைத்துத் தருவார்கள்.

பத்து வருஷம் என்னும் இந்த நிபந்தனையைக் கேள்வியுற்றவர்கள், எல்லாவற்றுக்கும் அதுவே நிபந்தனை என்று நினைத்துவிடுகிறார்கள். புருஷன் வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷத்தில் இறந்துவிட்டால், தனக்கு ஒன்றும் வராது என்று அவன் மனைவி வாளாவிருந்துவிடுகிறாள். ஆனால் வேலையில் இருக்கும்போதே அங்கத்தினர் இறந்தால், ஒரு மாதத்துச் சந்தா கட்டப்பட்டிருந்தாலே விதவைக்குப் பென்ஷன் உண்டு. அவளுடைய தொகையில் கால்பங்கு வீதம் இரண்டு குழந்தைகளுக்கு 25 வயது வரையில் உண்டு. தாயும் இல்லாத குழந்தைகளுக்கு அது முக்கால்பங்காக உயரும். வேலையில் இருக்கும் காலத்தில், நிரந்தரமாகவும் முற்றிலுமாகவும் உழைக்கும் சக்தியை இழந்தவருக்கும் ஒரு மாதச் சந்தாவே போதும். வைத்தியக் குழுவின் முன் ஆஜராகி அத்தாட்சி பெறவேண்டும். இந்தச் செய்தி ஒவ்வொரு தொழிலாளியின் வீட்டிலும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையை எழுதும்படி என்னைத் தூண்டியது.

தெரிந்தால் மட்டும் போதாது. காகிதங்கள் ஒத்துப்போக வேண்டும். கொச்சியில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கு இதில் தனிப்பட்ட சங்கடம் ஒன்று உண்டு. தகப்பனார் பெயரின் முதலெழுத்தைத் தலைப்பாகக் கொள்ளும் நம் வழக்கமும், வீட்டுப்பெயரை எழுதும் மலையாள வழக்கமும் கலந்துவிட, ஆதாரில் ஒரு பெயரும், வைப்புநிதிக் கணக்கில் வேறொரு பெயரும், பாங்கிப் புஸ்தகத்தில் மூன்றாவதாக ஒன்றும் இருக்கக் காணலாம். கோயிலிலோ பள்ளிவாசலிலோ விவாகம் நடந்து, பதிவு செய்யப்படாமல் போயிருந்தால், நான்தான் மனைவி என்று நிரூபிக்கும் பாரம் துக்கத்தில் இருக்கும் பெண்ணின் தலையில் விழுகிறது. கணவன் உயிரோடு இருக்கும்போதே குடும்பத்தார் பெயர்களை நியமனப் பத்திரத்தில் எழுதி வைப்பது அவன் அவளுக்குச் செய்யும் கடமை என்பேன். திருத்தம் வேண்டுவோர், முதலாளி மூலமாகவும், கலூரில் உள்ள வைப்புநிதி அலுவலகமான பவிஷ்யநிதி பவன் மூலமாகவும் அதை வேலையில் இருக்கும் காலத்திலேயே செய்துகொள்ளலாம்.

2014 முதல் இந்தப் பென்ஷனின் குறைந்தபட்சம் 1,000 ரூபாய். இத்தனை வருஷங்களுக்குப் பிறகும் அத்தொகை அப்படியே நிற்பது அநியாயம். அரிசி விலையும் மருந்து விலையும் அப்படியே நிற்கவில்லையே.

யூதத்தெருவின் சிறு பண்டகசாலையில் இஞ்சி புடைத்தவளும், வேளியில் உள்ள சலவைத்துறையில் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் முதியவரும் எந்த முதலாளியின் ஏட்டிலும் இல்லாதவர்கள். அவர்களுக்குக் கைகொடுப்பது மாநில அரசின் சமூகப் பாதுகாப்புப் பென்ஷன். இத்துறையில் கேரளம் பிற மாநிலங்களுக்கு முன்மாதிரி; 1980ல் விவசாயத் தொழிலாளர்களுக்கு மாதம் 45 ரூபாய் என்று தொடங்கிய தர்மம், 2025 நவம்பரில் 2,000 ரூபாயாக வளர்ந்திருக்கிறது. அறுபது வயதானவர்கள், விதவைகள், ஐம்பது கடந்தும் மணமாகாத பெண்கள், நாற்பது சதவீதமேனும் அங்கஹீனம் உள்ளவர்கள் ஆகியோர், குடும்பத்தின் வருஷ வருமானம் ஒரு லட்சத்துக்கு மேற்படாதிருந்தால், கொச்சி மாநகராட்சியில் மனுச் செய்யலாம். மனு அங்கீகாரமானவர்கள், உயிரோடு இருப்பதை ஆண்டுதோறும் 'அட்சய' என்னும் அரசு சேவை மையத்தில் விரல்ரேகை பதித்து உறுதிப்படுத்த வேண்டும். படுக்கையை விட்டு எழ இயலாதவர்கள் தெரியப்படுத்தினால், மையத்து ஊழியர்கள் வீட்டுக்கே வந்து அதைப் பதிந்துகொள்வார்கள்.